மடிப்புக்குள் இருந்த அழுக்கு

இந்தக் கோப்பையை மட்டும் மாற்றித் தர முடியுமா, ஐயா? குறை சொல்லவில்லை. விளிம்பில் யாருடைய உதட்டு எண்ணெயோ ஒட்டியிருக்கிறது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். காகிதக் கோப்பை இருந்தால் போதும். நன்றி. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் பெங் ஷௌயி. ஷென்ஜென் ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் மடக்கு போன்களின் திரையை மாற்றித் தரும் கடை வைத்திருக்கிறேன். மதியம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அண்ணி மெய்ஜு ஒரு தொழிற்சாலை உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர். அவர் வேலைக்குப் போன பிறகு அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று, அந்த நேரத்தில் ஒரு போனைப் பிரித்து நேரலையில் காட்டுவேன். சாப்பாட்டு இடைவேளையில் ஷென்ஜென் முழுக்க ஒரு கையில் சாப்பாட்டுக் குச்சிகளும் மறு கையில் போனுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்துக்குக் குறைவில்லை.

மடக்கு போனைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண போனில் அழுக்கு மேலே இருக்கும், துடைத்தால் போய்விடும். மடக்கு போன் அப்படியில்லை. அதன் கீலுக்குள் தூசியைத் தள்ளுவதற்கென்றே மயிரிழை மாதிரித் தூரிகைகள் வைத்திருக்கிறார்கள். அவை எதையும் வெளியே தள்ளுவதில்லை, உள்ளேதான் சேர்த்து வைக்கின்றன. முகப்பவுடர், தர்பூசணி விதைத் தோல், நகத்துணுக்கு, பொடுகு, நூடுல்ஸ் குழம்பின் மிளகாய் எண்ணெய். எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு களிம்பாகிவிடும். பட்டுச்சட்டை போட்ட பெண்மணி புன்சிரிப்போடு நீட்டுகிற போனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கையுறை இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். எங்கள் சொந்த ஊர் ஷாவ்யாங்கிலிருந்து என்னை இந்த ஊருக்குக் கூட்டிவந்தது அவர்தான். முதல் கடை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. எலும்பை உறிஞ்சிவிட்டு மேஜை மேலேயே துப்புவார். தன் குச்சியாலேயே கறித்துண்டை எடுத்து என் கிண்ணத்தில் போடுவார். "சாப்புடுறா, எலும்பும் தோலுமா கெடக்கே" என்பார். அந்தத் துண்டை அவர் திரும்பும்வரை கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பிவிடுவேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவர் படுக்கையில் விழுந்தார். அதன் பிறகு வலது கை மட்டும்தான் அசைந்தது. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகியிருந்தார்கள், பேச்சு வராது. சளி கட்டினால் அந்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை விட்டு இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். மருத்துவமனையில் எனக்கும் அண்ணிக்கும் செய்து காட்டினார்கள். அண்ணி அதைக் காய்கறி நறுக்குகிற மாதிரிச் செய்வார். நான் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி செய்வேன். அது குழாயில் ஏறுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவனுக்குச் சோறு இறங்காது.

அவர் வாய்க்குப் பதிலாக அந்த மடக்கு போன் இருந்தது. அகலத் திரை என்பதால் அண்ணி வாங்கினார். திரையில் பெரிய பெரிய கட்டங்களாக வைத்திருந்தார். ஒரு விரலால் கட்டத்தை அழுத்தினால் போன் பெண் குரலில் பேசும். 'தம்பி, தண்ணி.' 'தம்பி, திருப்பிப் போடு.' 'தம்பி, சளி.' விமான நிலைய அறிவிப்பு மாதிரிக் குளுகுளுவென்ற குரல். நான் சாப்பிட உட்கார்ந்தால் அடுத்த அறையிலிருந்து அது கூப்பிடும். தம்பி, சளி. தம்பி, சளி.

அந்தப் போனுக்கு என்ன ஆயிற்று என்றால், புதிதாக வந்த அன்று அண்ணி ஒரு தப்புச் செய்தார். நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்புத்தான். மேலே இருக்கிற மெல்லிய படலத்தை, கடைக்காரன் ஒட்டித் தந்த காப்பு என்று நினைத்து, ஒரு முனையைப் பிய்த்துவிட்டார். அது காப்பில்லை, திரையின் மேல்தோல். அடியில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி. அதற்கும் அடியில் ஒளிவிடும் தாள். அதற்கும் கீழே மடிகிற இடத்தில் சல்லடையாக வெட்டிய உலோகத் தகடு. மேல்தோலில் காற்றுப் புகுந்தால் மடிப்பு ஓரம் புடைத்துக்கொள்ளும். விரல் பட்டாலும் உணராது. சளிக் கட்டம் சரியாக அந்த மடிப்பின் மேலேயே இருந்தது.

"நடுவுல அமுக்குனா கேக்கவே மாட்டேங்குது தம்பி. ஊர்ல இருக்கிறவன் போனையெல்லாம் ரிப்பேர் பண்றே, உங்கண்ணன் போனை ஒரு நாள் பாக்கக் கூடாதா?" என்று அண்ணி தினமும் நச்சரித்தார்.

"பாக்குறேன் அண்ணி."

"பாக்குறேன் பாக்குறேன்னே பாக்காம இருக்கியே. அவரு பத்துத் தடவை அமுக்க வேண்டியிருக்கு."

ஆக, அந்தப் போனை நான் எடுத்தது அண்ணி கேட்டுக்கொண்டதால்தான். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அண்ணி கிளம்பிப் போன பிறகு அண்ணன் அறைக்குள் போனேன். போன் அவர் நெஞ்சின் மேல் விரிந்து கிடந்தது. கை அதன் மேல் இருந்தது. "குடுண்ணே, சரி பண்ணித் தரேன்" என்றேன். அவர் விடவில்லை. "பிடிச்சு இழுத்தா கீறல் விழும். விடுண்ணே, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி, ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்துக்கொண்டேன். அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் கதவைச் சாத்தியிருப்பான்.

என் மேஜை இழுப்பறையில் ஓடுகிற நிலையில் பழைய போன்கள் கிடந்தனவே, ஒன்றை அவர் கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அவை எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன், ஐயா.

போனைச் சோதித்த உங்கள் காவல்துறை நிபுணர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார் என்றீர்கள். மேல்தோலை மாற்ற வேண்டுமென்றால் மேலோடு உரித்து ஒட்டினால் போதும், போனைப் பிரிக்கவே தேவையில்லை என்று. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் போனை அவர் எச்சில் கையோடு தடவுவதைப் பார்த்தவன் நான். உள்ளே என்ன சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

சூட்டுப் பலகையில் வைத்துப் பசையை இளக்கினேன். திரையின் விளிம்புச் சட்டத்தை நெம்பி எடுத்தேன். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் விட்டு, பசை இளக்கும் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் திரையைத் தூக்கினேன். கீல் தெரிந்தது. உருப்பெருக்கிக் கேமராவை அதன் மேல் கொண்டுபோனேன். நான் நினைத்ததைவிட மோசம். கஞ்சி காய்ந்து பொருக்காகிப் பல்சக்கரங்களுக்கு இடையில் ஏறியிருந்தது. அதன் மேல் தோல் உதிர்வு. தூரிகை மயிர் எல்லாம் ஏதோ ஒன்று பட்டு உறைந்து விறைத்திருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். பச்சை நிறம்.

பார்வையாளர்கள் எழுதியதை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். "உவ்வே, சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்யா." "போனா, பன்னிக் கொட்டிலா?" "யாருது பெங் அண்ணாத்தே இது?"

"ஒரு வாடிக்கையாளர்து. கை கழுவுற பழக்கமே கிடையாது போல" என்றேன். நிறையப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதவு திறந்திருந்ததால் அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும்.

பிறகுதான் மேல்தோலை உரிக்க ஆரம்பித்தேன். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரே சீராக இழுத்துக்கொண்டே வர வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் பசை ஆறிக் கோடு விழுந்துவிடும். மறுபடி இழுத்தால் கண்ணாடி தெறிக்கும். எந்தக் கடைக்காரனையும் கேளுங்கள், இதையேதான் சொல்வான்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் வந்தது. அண்ணன் விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டினார். டங், டங் என்று. கொஞ்சம் நிற்கும், பிறகு வேகமாக வரும். பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

"என்ன சத்தம் அண்ணாத்தே?" என்று ஒருவர் எழுதினார்.

"மேல் வீட்டுல மராமத்து வேலை நடக்குது" என்றேன். நம் ஊரில் எந்த மேல் வீட்டில் மராமத்து நடக்கவில்லை? உடனே நம்பிவிட்டார்கள். ஆளாளுக்குத் தங்கள் மேல் வீட்டுக்காரனைத் திட்டி எழுதினார்கள். "எங்க மேல் வீட்டான் ஒரு வருஷமா துளை போடுறான், கல்லறையாடா கட்டுறே?" என்று ஒருவர் எழுதியதை வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் விடவில்லை. வூஹானிலிருந்து பார்க்கிறவர். "மத்தியானத் தூக்க நேரத்துல எவன் சுத்தியல் எடுப்பான்? காவலாளி வந்து பிடுங்கிட்டுப் போயிடுவானே" என்று எழுதினார்.

"எங்க கட்டடத்துல கேக்குறதுக்கு ஆள் இல்ல அக்கா."

அவர் மறுபடி எழுதினார். "தம்பி, எங்க மாமனார் நாலு வருஷம் படுக்கையில கெடந்தாரு. அது கட்டில் கம்பிச் சத்தம். வீட்டுல யாராச்சும் படுத்திருக்காங்களா? போய்ப் பாரு, போனு எங்கயும் ஓடிடாது."

அதை நான் வாசித்துக் காட்டவில்லை. ஒரு கையால் படலத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அந்த அம்மாளை நேரலையிலிருந்து வெளியேற்றினேன். உங்களுக்குத் தகவல் சொன்னவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

போனை அண்ணனிடமிருந்து எடுத்தபோது அது என்ன சொன்னது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். போனிலேயே பதிவாகியிருக்கும், மறைத்துப் பயனில்லை. 'தம்பி, சளி' என்றது. மூன்றோ நான்கோ தடவை சொன்னது. மடிப்பு உணராமல் போனதில் அவர் எத்தனை தடவை அழுத்தினாரோ தெரியாது.

ஆகவே, தட்டுவது எதற்கு என்று தெரியுமா என்றால், தெரியும். எழுந்து போனால் பத்தடி. போனால் அந்த ரப்பர் குழாயை எடுக்க வேண்டும், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும், கையுறைக்கு மேலே வெதுவெதுப்பாகத் தெறிப்பதைத் துடைக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு, அதற்கு மறுநாள். இங்கே என் கையில் படலம் ஒரு பிசிறு இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அடியில் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அவ்வளவு சுத்தமான ஒன்றை அந்த வீட்டில் நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு தட்டுவது நின்றது. "மேல் வீட்டுக்காரனும் ஒரு வழியா தூங்கிட்டான்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கீலை ஆல்கஹாலில் கழுவினேன். புதுப் படலத்தை ஒட்டினேன். எல்லாவற்றையும் பூட்டி, போனை ஓட வைத்து, நேரலையை முடித்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனேன். அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. கை கம்பியில் தொங்கியது. முட்டித் தோல் உரிந்திருந்தது. குழாய் வாயில் அது நுரைத்து நின்றது. ஆனால் புதிதாக எதுவும் வரவில்லை. அந்த அறையில் நான் முதல் தடவையாக மூக்கு வழியாக மூச்சு விட்டேன்.

அண்ணியை என் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அங்கே தட்டுகள் உருளுகிற சத்தம், யாரோ குழம்பு கேட்கிற சத்தம். "என்ன தம்பி, அவருக்கு என்ன?" என்று பதறினார். எனக்கு வாயில் வந்தது, "ஒண்ணுமில்ல அண்ணி, போன் சரியாயிடுச்சு" என்பதுதான்.

"நெசமாவா? நடுவுலயும் அமுங்குதா?"

"அமுங்குது."

"நீ நல்லா இருப்பே. அவரு கையில குடு. எதையாச்சும் சொல்லச் சொல்லு, கேக்குறேன்."

என்ன செய்வது? ஆசையாகக் கேட்கிறார். அண்ணன் கை இன்னும் சூடாறவில்லை. ஆள்காட்டி விரலைப் பிடித்து நிமிர்த்தித் திரையின் மேல் வைத்தேன். மடிப்புப் பக்கம் போகாமல், ஓரத்தில் இருந்த ஒரு கட்டத்தில் அழுத்தினேன். உடனே உணர்ந்தது. "மெய்ஜு, சாப்பிட்டியா?" என்று கேட்டது போன்.

அண்ணி சிரித்தார். "ஏய்யா, ஊருக்கே சோறு போட்டுக்கிட்டு நிக்கிறேன், என்னைப் பாத்து சாப்பிட்டியாங்கிறே. இரு, வந்து வச்சுக்கிறேன் உன்னை" என்றார். பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு வைத்துவிட்டார். திரையில் அண்ணன் விரல் ரேகை படிந்திருந்தது. துடைத்து மடித்து அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். அந்த வீட்டில் அவர்களுக்காக யாரும் எதுவும் செய்யவில்லை என்று அண்ணி உங்களிடம் அழுதிருக்கலாம். அவர் புருஷன் அவரோடு கடைசியாக ஒரு வார்த்தை பேசினது என்னால்தான் நடந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.