ஜோடியில் ஒன்று

வண்டியின் முகம் தாழ்ந்திருந்தால் தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, ஐயா. காயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதோடு ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

முப்பது வருடமாக இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே எனக்குக் காயிலக்கா என்று பெயர் வந்தது. அம்மா முதலிலேயே போய்விட்டாள். அப்பா போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது, தம்பிக்கு ஆறு. பட்டறையும் அவனும் ஒரே நாளில் என் கைக்கு வந்தார்கள். பொம்பளை பட்டறை நடத்துவாளா என்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு என் பட்டறையில் வரிசையில் நின்றார்கள்.

என்னைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் நல்லவர், டயர்க் கடைக்காரர். "தம்பிய ஹாஸ்டல்ல விட்டுடலாமே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் குடித்த தம்ளரைக் கழுவி வைத்தேன். அதோடு சரி.

தம்பிக்குப் பெண் பார்த்தபோதும் நான் கறாராகத்தான் இருந்தேன். முதலில் பார்த்த பெண்ணுக்குக் குரல் பெரிது, வேண்டாமென்றேன். இரண்டாவது பெண்ணின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பிக்கு வலிப்பு வரும் என்று சொன்னேன். அவனுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. அந்தப் பெண் சரியில்லை, அவ்வளவுதான். மூன்றாவது பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். தையற்காரி. இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தாள். கல்யாணம் முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னான்.

நான் சண்டை போடவில்லை. அவளையும் அதே வீட்டில் வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் பேச்சுக்குப் பேச்சு சிரித்துக்கொண்டேதான் இருந்தோம்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தம்பி சொன்னான்.

"அக்கா, மலைமேல காய்கறிக் கிடங்குல நம்ம வண்டிக்கு நிரந்தரமா லோடு தர்றாங்களாம். வீடும் அவங்களே குடுக்கறாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அப்படி இல்லக்கா. அங்கயே இருந்துடலாம்னு பார்க்கறோம்."

"அப்போ நான்?"

அவள்தான் பதில் சொன்னாள்.

"நீங்க இனிமே ராணி மாதிரி இருங்க அண்ணி. முப்பது வருசமா இந்தப் பிள்ளைக்குச் சட்டை பட்டன் தைச்சுப் போட்டீங்க. இனி நான் பார்த்துக்கறேன். தையக்காரிக்கு அது பெரிய வேலையா?"

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டேன். போதும் என்று அவன் கையை வைத்து மறைத்தான். அதுவரை அவன் என் கரண்டியை மறைத்ததே இல்லை.

மலைக்குப் போக வண்டி தயாராக வேண்டும். அது சின்ன டிரக், பழசு. முன்பக்கக் காயில் இரண்டும் அமுங்கிப்போய், பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசும். ஷாக் அப்சார்பர் நான்கிலும் எண்ணெய்க் கசிவு. கம்பெனிச் சாமான் போட்டால் வண்டி விலையில் பாதி ஆகிவிடும். "சல்லிசா முடிச்சுக் குடுக்கா, உன் கைபட்டா போதும்" என்றான். சல்லிசாக முடிக்க வழி இருக்கிறது. வெளியே கிடைக்கும் மாற்றுக் காயிலில், கம்பி கொஞ்சம் தடிமனாகப் பார்த்து ஒரு ஜோடி. அதற்குப் பொருந்துகிற ஷாக் நான்கு. அத்தனையும் வரவழைத்தேன். காயில் பெட்டியின் மேல் அவன் வண்டி நம்பரை நானே எழுதி வைத்தேன்.

அவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுமுறை நாளில் பட்டறைக் கதவை இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். ஷாக் நான்கும் புதிது. ஓட்டுகிறவர் பக்கம் காயில் புதிது. மறுபக்கத்துக்கான புதுக் காயிலைப் பெட்டியிலிருந்து நான் எடுக்கவில்லை. கழற்றிய பழைய காயிலையே காஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, புதுசின் உயரத்துக்கு இழுத்துவிட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டினேன். எங்கள் தொழிலில் சில பேர் செய்கிற ஏமாற்று வேலைதான். பார்வைக்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் கம்பியின் டெம்பர், அதன் உறுதி, போய்விடும். பத்து நாளில் அமுங்கி வண்டி நொண்டும். நொண்டினால் அவன் யாரிடம் வருவான்? என்னிடம்தானே. மலைப்பாதை நமக்குத் தோதுப்படாது என்று நான் எடுத்துச் சொல்வேன், அவனும் கேட்டுக்கொள்வான். நேற்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தரிடம் இதைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார். பொய் இல்லை, பாதி உண்மை.

ஏன் அந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். கேள்வியே எனக்குப் புரியவில்லை. தம்பி உட்காருகிற பக்கம் பலமாக இருக்க வேண்டாமா?

புறப்படும்போது தம்பி இரண்டு கையாலும் வண்டியின் முகத்தை அமுக்கிப் பார்த்தான். ஒரே மூச்சில் எழும்பி நின்றது.

"கல்லு மாதிரி நிக்குதுக்கா. ரெண்டும் புதுசுதானே?"

"ஜோடியா மாத்தாம அக்கா என்னைக்காவது வண்டிய வெளிய விட்டிருக்கேனா?"

அவள் முன்சீட்டில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். "அண்ணி, அடுத்த மாசம் நீங்களும் வந்துடணும். உங்களுக்குன்னு தனியா ஒரு அறை ஒதுக்கியிருக்கோம். வரலைன்னா உங்க தம்பியே வந்து தூக்கிட்டுப் போவார், ஷாக் எல்லாம் புதுசு, வெயிட்டு தாங்கும்" என்றாள். கிளம்புகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சு அது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பத்தொன்பதாவது நாள் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இருவரும் மலையிறங்கும்போது காயில் இரண்டாக உடைந்திருக்கிறது. உடைந்த நுனி டயரைக் குத்தி, வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்ப் பாறையில் மோதியது. அவள் பக்கம். அவள் அங்கேயே முடிந்துவிட்டாள். தம்பிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவன் பக்கத்துக் காயில் சின்னக் கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஐந்து மாதம். துடைத்துவிட்டேன், உடுத்திவிட்டேன், பட்டன் போட்டுவிட்டேன். அழுவான், பிறகு சாப்பிடுவான். மலை வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறைக்காக அவள் பச்சைத் துணியில் திரை தைத்து வைத்திருந்ததாக ஒருநாள் சொன்னான். "அக்காவுக்குப் பச்சைதான் பிடிக்கும்னு உங்கிட்டக் கேட்காமலே கண்டுபிடிச்சா" என்றான். எனக்குப் பச்சை பிடிக்கும்தான். அவன் வாயைத் துடைத்துவிட்டேன். சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஐந்து மாதமும் வீடு, வீடு மாதிரி இருந்தது.

ஊன்றுகோல் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் முதலில் பட்டறைக்குள்தான் வந்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் பெட்டி. அதை நான் தூக்கிப் போட்டிருக்கலாம். எத்தனையோ தடவை கையில் எடுத்தேன். பிரிக்காத எண்ணெய்த்தாளோடு ஒரு புதுக் காயிலை எப்படித் தூக்கிப் போடுவது? முப்பது வருடப் பழக்கம், ஐயா. நல்ல சாமான் வீணாகக்கூடாது. வேறு யார் வண்டிக்காவது ஆகும் என்று வைத்திருந்தேன்.

"அக்கா, இது என் வண்டிக் காயில்தானே?"

"அதே மாதிரி வேற."

"பெட்டியில என் வண்டி நம்பர் இருக்கு. எழுதினது நீதான்."

"சாப்பாடு ஆறுது, வா."

"ஜோடியில ஒண்ணுதானே எடுத்திருக்கே. அதை எந்தப் பக்கம் போட்டே?"

"உன் பக்கம்" என்றேன். அவனிடம் நான் பொய் சொல்வதில்லை.

"அவ பக்கம்?"

அவன் ஒரு பழைய டயர்மேல் மெல்ல உட்கார்ந்தான். எழுப்பிவிடக் கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டான். அன்றே வாடகை வண்டி பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடக்கிற வண்டியைப் பார்க்கப் போனான். உடைந்த காயிலில் பெயிண்டைச் சுரண்டியிருக்கிறான். சூடு பட்ட இரும்பு நீலம் பாய்ந்திருக்கும். பட்டறையில் வளர்ந்தவனுக்கு அது தெரியாதா?

இனி மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். பழுத்த காயிலை மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் இளகும். இளகினால் அமுங்கும், வண்டி நொண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் இறக்கினால் கண்ணாடியாகிவிடும். என்றைக்கு, எந்த வளைவில் என்பது மட்டும்தான் தெரியாது. உடையும் என்பது தெரியும். மணல் என் காலடியிலேயே குவிந்து கிடந்தது. நான் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் எடுத்துப் போனேன். அவசரமும் இல்லை, ஞாபகப் பிசகும் இல்லை. அந்தப் பக்கம் அவள்தான் உட்காருவாள் என்று தெரிந்துதான், நிதானமாக இறக்கினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

புகாரில் இருப்பது அவன் கையெழுத்துதான். நான் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து, எனக்குத் தெரியாமல் போகுமா? யாரோ பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொல்லியிருப்பார்கள். இப்போது அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறானாம். பெண்ணைப் பறிகொடுத்தவள் அவனை வேளாவேளைக்கு எப்படிப் பார்த்துக்கொள்வாள்? காரம் ஒத்துக்கொள்ளாது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவனுக்குக் கோபம் மூன்று நாளைக்குமேல் நிற்காது. அவன் போய் இன்றோடு இருபத்தாறு நாள் என்கிறீர்கள். இருக்கட்டும். இடுப்பு அப்படி இருக்கிறது, நடந்து வர நேரமாகும். வந்து என்னைக் கேட்டால், பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஐயா. என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.