ஓடெல் துப்பாக்கிக்கு ஏற்ற பஃபர்

காபி நன்றாக இருக்கிறது. துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர் நீங்கள்; என்ன நடந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். எல்லாம் அந்தத் துப்பாக்கியின் நன்மைக்காகத்தான்.

பின்கட்டைக்குள் ஸ்பிரிங்கோடு ஓடும் எடைக்கட்டியான பஃபர் லேசாக இருந்தால் துப்பாக்கி முரடாக உதைக்கும். மிகக் கனத்தால் சிக்கும். சரியான எடையா என்பதை, சுட்டதும் வெளியே தெறிக்கும் தோட்டாவின் காலி ஓடு விழும் இடம் காட்டிக்கொடுக்கும். இலக்கு இருக்கும் பக்கம் பன்னிரண்டு மணி என்றால், வலது கைப்பக்கம் மூன்று. மூன்றில் விழுந்தால் சரி, ஒன்றில் விழுந்தால் எடை போதாது. இந்த வட்டாரத்தில் யார் துப்பாக்கி வாங்கினாலும் "வெர்லினைக் கேளு" என்று என்னைத்தான் கைகாட்டுவார்கள். நானும் எல்லோருக்கும் கனமானதையே சொல்வேன்.

என் தங்கை புருஷன் ஓடெல் மட்டும் கடையில் வந்த பஃபரையே வைத்திருந்தான். ஓடுகள் மூன்று மணியில் அழகாகக் குவிந்தன.

"மச்சான், உங்க பேச்சக் கேட்டவன் துப்பாக்கியெல்லாம் சிக்கிக்கிட்டு நிக்குது. இதப் பாருங்க, என்னமா ஓடுது" என்றான், எல்லோர் முன்னாலும். சிரித்தார்கள். அதன்பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சர்ச் நிதிக்கான போட்டியன்று ஓடெல் ஒரு கிண்ணம் சில்லிக் குழம்பு வாங்க வரிசையில் நின்றான். நான் அவன் பஃபரை எடுத்துவிட்டு, இருப்பதிலேயே லேசானதை வைத்தேன்.

அவன் சுட்ட முதல் ஓடே ஒரு மணிப் பக்கம் பறந்தது. கம்பத்தில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் தர்மனின் காலருக்குள் கொதிக்கக் கொதிக்க இறங்கியது. தொடக்க ஜெபத்துக்குப் போட்ட மைக் இன்னும் அவர் சட்டையிலேயே இருந்தது. அவர் சொன்னதைத் திரும்பச் சொல்ல என் வளர்ப்பு இடம் கொடுக்காது. மறு வாரம் பாதி சபை மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போய்விட்டது. பாஸ்டர் இப்போது டயர் விற்கிறார்.

ஓடெலை நீங்கள் சங்கத்திலிருந்து நீக்கினீர்கள். "அந்தச் சனியன வித்துட்டு அப்புறம் வீட்டுக்குள்ள வா" என்று தங்கை கதவைச் சாத்தினாள். பாவம், அழுதான். "அன்னைக்கே சொன்னேனே மாப்ளே, எடை பத்தாதுன்னு" என்று தட்டிக்கொடுத்து, அந்தத் துப்பாக்கியை நானே வாங்கிக்கொண்டேன்.

அவனுடைய பழைய பஃபரையே திரும்பப் போட்டிருக்கிறேன். கேட்பவர்களிடம் கனமான பஃபர் என்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் வெளியே வந்து பாருங்கள், ஓடு மூன்று மணியில்தான் விழுகிறது. நான் சொன்னது சரிதான் என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா?