பத்து நிமிட தூரம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆண்டுகளால் நரைத்தும் ஆர்வத்தால் நரைக்காத பெரியோர்களே, பிள்ளைகளின் தேர்வுக்குத் தாமும் தூக்கம் தொலைத்த தாய்மார்களே, தந்தைமார்களே! படிக்க வெளியூர் போவதா, வீட்டிலிருந்தே படிப்பதா என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். போ என்று தள்ளவும் வரவில்லை. நில் என்று தடுக்கவும் வரவில்லை. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவள் நான். கண்டதைச் சொல்கிறேன்.

நானும் என் தங்கையும் இரட்டையர். ஏழு நிமிடம் நான் மூத்தவள். பள்ளி இறுதித் தேர்வில் அவளுக்கு என்னைவிடப் பதினொரு மதிப்பெண் அதிகம். சிரிக்காதீர்கள், இன்றைக்கும் வலிக்கிறது! வெளியூரில் இருவருக்கும் இடம் கிடைத்தது. "ரெண்டு பேரும் போயிட்டா வீடே வெறிச்சுன்னு ஆயிடுமே" என்றார் அம்மா. "அவ போகட்டும்மா, நான் இருக்கேன்" என்றாள் தங்கை. அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாம் ஆண்டு. என் விடுதிக்கு எதிர்த்தெருவில் ஒரு லிஃப்ட் கம்பெனி. புதன்கிழமை காலை அங்கிருந்து விடுதிக்கு போன். "பரிசோதனைக்கு ஆள் குறையுது. பத்து நிமிஷத்துல யாராவது வர முடியுமா?" ஈரத் தலையோடு ஓடினேன். என்னை அழைத்தது அறிவா? இல்லை. ஆற்றலா? இல்லை. அருகாமை! அருகில் இருந்தேன், அழைத்தார்கள்; அழைத்ததால், ஆறு வாரம் லிஃப்டைத் தூக்கும் கம்பிவடங்களின் தேய்மானம் அளந்தேன்.

படிப்பு முடிந்து இருவரும் அதே கம்பெனிக்கு விண்ணப்பித்தோம். அதிகாரி என்னைக் கண்டதும், "அட, நம்ம பொண்ணு! வா வா" என்றார். அவளிடம், "அனுபவம் உண்டா?" என்றார். "வேலை குடுத்தா வந்துடும் சார்" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தார், வேலை தரவில்லை. இன்று அந்த நாற்காலியில் நான். போன மாதம் அதே கேள்வியைக் கேட்டு, ஒரு கெட்டிக்காரப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

என்ன, மூன்றாம் வரிசையில் ஒரு குரல்? என் தங்கையின் கணவர்தான். "கெட்டிக்காரியா இருந்தா இங்கயே படிச்சும் மேல வரலாம்க்கா!" வரலாம் தம்பி, யார் மறுத்தார்? உங்கள் மனைவியும் வந்தாள். என்னைவிட ஏழு ஆண்டு கழித்து வந்தாள். அந்த ஏழு ஆண்டை யார் தருவார்? எந்த அலுவலகம் தரும்? உங்கள் மகளின் விடுதி விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று மாலையோடு கெடு முடிகிறது. போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

அதோ, தாய்மார்கள் நடுவிலிருந்து என் தங்கையே எழுந்து அவரிடம் போகிறாள். மைக் இல்லாமலே கேட்கிறது, கேளுங்கள்.

"இந்தாங்க பேனா. நான் போகலைன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் குறைப்பட்டதில்ல. நம்ம பொண்ணு போகலைன்னா, காலம் பூரா சொல்லிக்காட்டுவேன்."

இருபத்தைந்து ஆண்டில் அவள் வாயிலிருந்து இதை நான் கேட்டதில்லை, பெரியோர்களே. எழுதி வந்ததில் இன்னும் இரண்டு பக்கம் மீதி. இனி அது எதற்கு? பேச வேண்டியவள் பேசிவிட்டாள். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். தம்பி கையெழுத்துப் போடுகிறார். கொஞ்சம் பொறுத்துக் கைதட்டுங்கள், எழுத்து கோணிவிடப் போகிறது.