மொஹசினுக்காகத் திரண்ட கூட்டம்

புதுவாயல் கூட்டு ரோட்டில் ஏசி போட்ட பிரவுசிங் சென்டர் என்னுடையது ஒன்றுதான். அதனால்தான் கமர் நிஷா பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்தாள், வேறு விசேஷம் எதுவும் இல்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், விக்டோரியா மேடம். இந்தப் பாக்கியநாதன் யாரையும் தேடிப் போனவன் அல்ல.

அவள் கணவன் மொஹசின் வளைகுடாவில் லாரி ஓட்டினான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட கம்பெனியின் வாசலில் அவனோடு சேர்த்து நாற்பது பேர் மறியலில் உட்கார்ந்தார்கள். நாற்பது பேரையும் போலீஸ் பிடித்து ஜெயிலில் தள்ளிவிட்டது. விசாரணையும் கிடையாது, தேதியும் கிடையாது. 2008 ஜனவரியில் நான் ஆர்குட் இணையதளத்தில் 'மொஹசினை விடுதலை செய்' என்று யாரும் உறுப்பினராகச் சேரக்கூடிய ஒரு கம்யூனிட்டி தொடங்கினேன். உலகத்து மனித உரிமை அமைப்புகள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவர்கள் அந்த அரசாங்கத்தின் காதைத் திருக வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

அவள் கொண்டுவந்தது கல்யாண போட்டோ. அதில் மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். சிரிக்கிறவனுக்காக எந்த நாட்டுக்காரன் வருத்தப்படுவான்? போட்டோஷாப்பில் மாலையைக் கழற்றினேன், வாயை மூடினேன், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருப்புப் பூசினேன்.

"இன்னாண்ணே, யாரு இவுரு?" என்றாள்.

"உன் ஊட்டுக்காருதாம்மா. ஜெயில்ல அப்டித்தான் இருப்பாரு."

பாவம், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வெப்கேம் ஆனில் இருந்தது, அதுவும் பிரசாரத்துக்கு உதவியது.

கூட்டம் சேர்ந்தது. நார்வேயில் ஒரு டீச்சரம்மா தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மெழுகுவத்தியோடு நிற்க வைத்தார். பிரேசிலில் ஒரு கால்பந்து ரசிகர் மன்றமே மொத்தமாக வந்து சேர்ந்தது. மொஹசினை ஆட்டக்காரன் என்று நினைத்தார்களோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு மூன்று முறை மனுப் போட்டு, மூன்று முறையும் பதில் வராதவன் நான். இப்போது காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நாற்பது பதில் காத்திருந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பத்தாயிரம் பேர் சேர்ந்தால் ஐ.நா. வரை கொண்டுபோகப் பார்க்கிறோம் என்று ஜெனிவாவிலிருந்து ஓர் அமைப்பு எழுதியது. அன்று நான் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

ஆகஸ்டில், ஒன்பதாயிரத்து முந்நூறு பேர் இருந்தபோது, நாற்பது பேருக்காகவும் வாதாடிய அந்த ஊர் வக்கீலிடமிருந்து மெயில் வந்தது. கமர் நிஷாவின் பெயரில் நான் தொடங்கிக் கொடுத்த முகவரிக்குத்தான் வந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருந்தது. ரமலானை முன்னிட்டு நாற்பது பேருக்கும் மன்னிப்பாம். மன்னிப்புக் கேட்டு வீட்டார் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தைப் பேக்ஸில் அனுப்ப வேண்டும். இணையத்தில் போடும் சத்தத்தை நிறுத்தி, கம்யூனிட்டியை அழித்துவிட வேண்டும். பத்து நாள் அவகாசம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகப் போயிற்று எனக்கு.

"இன்னா எயுதிக்கிறாங்கண்ணே?" என்று பக்கத்திலிருந்து கேட்டாள்.

"பேசிக்கினு இருக்காங்களாம். பொறுமையா இரும்மா."

அது பொய் இல்லை, பேசிக்கொண்டுதானே இருந்தார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். மன்னிப்பு என்றால் அவன் குற்றவாளி என்று ஆகிவிடும். மொஹசின் ஒரு குற்றமும் செய்யவில்லை. தலை நிமிர்ந்து வரட்டுமே என்று அவன் சார்பில் நான் முடிவு செய்தேன். அவனைக் கேட்க அங்கே வசதி இல்லை. வக்கீல் இரண்டு முறை போன் அடித்தார். குடும்பத்தின் எண் என்று நான் கொடுத்திருந்தது என் செல் எண். எடுக்கவில்லை. அந்தப் பத்து நாளில் அவள் நான்கு முறை வந்தாள். ஒரு முறை எனக்கென்று இறால் தொக்கு செய்து எடுத்து வந்தாள். நன்றாக இருந்தது.

முப்பத்தொன்பது பேர் ஊர் திரும்பினார்கள். அவர்களில் சூளூர்பேட்டைக்காரர் ஒருவர் இவளைத் தேடிவந்து, உங்கள் வீட்டுக் கடிதம் மட்டும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

"எல்லாருக்கும் மெயில் வந்துச்சாமேண்ணே. என்னுது மட்டும் எங்க போச்சு?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நடிப்பில்லை மேடம், உண்மையான ஆத்திரம். ஏழை வீட்டுக் கடிதத்தை மறைக்க எப்படி மனசு வரும்? அவள் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் 'மொஹசினின் கடிதத்தை மறைத்தது யார்?' என்று கம்யூனிட்டியில் தலைப்பை மாற்றிவிட்டேன். சர்வதேச விசாரணை வேண்டும் என்று கேட்டேன். நான்கே நாளில் பத்தாயிரம் தாண்டியது.

பிறந்ததிலிருந்து நான் வைத்த கோரிக்கைகளில் நிறைவேறியது அது ஒன்றுதான், அந்த ஜெனிவா அமைப்பின் சார்பில் விசாரிக்க நீங்கள் வந்து இறங்கினீர்கள். பூக்கடைக்குப் போய் மாலை வாங்கி வந்ததும் நான்தான். நீங்கள் மாலையைக்கூடக் கழற்றாமல் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் அந்த மெயிலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். ஆவணத்தை அழிப்பது மனித உரிமை மீறல் ஆயிற்றே, அதை நான் செய்வேனா?

ஆமாம், மறைத்தது நான்தான். இந்த வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

வக்கீல் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார் என்கிறீர்கள். கமர் நிஷாவின் கடிதம் பேக்ஸில் போய்விட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் கம்யூனிட்டியும் அழிந்துவிட்டால், பக்ரீதுக்கு மொஹசின் வீட்டில் இருப்பான். இப்போது மணி நாலே முக்கால். எனக்கு எதிரே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"உன்ன ஏசக்கூட எனுக்குத் தெம்பு இல்லண்ணே," என்கிறாள். "அந்தக் கம்யூனிட்டி பாஸ்வேர்ட குடுத்துடு. போதும்."

கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் நிற்கிறது மேடம், பன்னிரண்டாயிரத்துக்கு இன்னும் அறுபத்திரண்டு பேர்தான். ஐந்து மணி என்பதை நாளைக்கு மாற்ற முடியுமா என்று அந்த அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். எனக்காக இல்லை, எல்லாம் மொஹசினுக்காகத்தான்.