வழவழப்பான பாதி

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் ‘ஹாரன் அக்கா’ என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள்.

சம்பவத்தன்று காலை, முதுகில் ஆபரேஷன் முடிந்த என் கணவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போக, பின்சீட்டில் காலை மடக்கிப் படுக்கவைத்தேன். உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் பின்னர் புது கான்கிரீட் சாலையில் ஏறினேன். அதில் நாங்கள் போகிற பாதியில் குறுக்குக் கோடுகளை ஆழமாக இழுத்திருக்கிறார்கள்; இணைப்புகளும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எதிரே வருகிற வண்டிகளுக்கான பாதியை மட்டும் மெஷின் வைத்து இழைத்துவிட்டார்கள். அங்கே வண்டி குலுங்காது. தூறல் விழுந்தால் டயரும் பிடிக்காது. இது எனக்கு முன்பே தெரியும்.

ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தூக்கிப்போட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். “ரொம்ப வலிக்குதா?” என்றேன். “நீ ரோட்டப் பாரு, எனக்கு ஒண்ணுமில்ல” என்றார். அதன் பின்னர் எதிரே யாரும் இல்லையென்று எண்ணி வழவழப்பான பாதிக்கு ஆட்டோவைத் திருப்பினேன். அப்போது தூறிக்கொண்டிருந்தது. வளைவில் ரொட்டிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சறுக்கிப்போய் அவரை இடித்ததில் அவருடைய கால் முறிந்தது.

அதன் பின்னர் நான் அவரைத் தூக்கி வருவதற்குள் என் கணவர் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து இடம் விட்டிருந்தார். “ஏங்க, படுங்க!” என்று கத்தினேன். “முதல்ல அந்தத் தம்பிய ஏத்து” என்றார். சற்றுத் தள்ளி இருந்த எலும்பு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். ரொட்டிக்காரர், “அக்கா, இப்பவாவது நம்ம பக்கமா போங்க” என்றார். ஒவ்வொரு இணைப்பிலும் இருவரும் அலறினார்கள். நான் பக்கம் மாறவில்லை.

உட்கார்ந்ததில் தையல் பிரிந்ததால், என் கணவரையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். வலி தாங்காமல் ஹேண்டிலை இழுத்தது தான்தான் என்று அவர் நேற்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். “நீயும் அப்படியே சொல்லிடு. லைசென்ஸ் போயிட்டா என்னடி பண்ணுவ?” என்று இன்று காலை என்னிடமும் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு ரொட்டிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் கணவர் சொன்னது பொய். படுத்திருந்தவருக்குக் கை எட்டாது. பக்கம் மாறச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. திருப்பியது நான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)