தூக்கிப் பார்த்தால் தெரியும்

செடி வளர்ப்பதில் உள்ள ஒரே கஷ்டம், அதற்கு வாய் கிடையாது என்பதுதான். மாடு என்றால் கத்தும். நாய் என்றால் கதவைப் பிறாண்டும். செடி இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். பசியா, தாகமா, சூடா, நோயா என்று நாம்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. வருகிறேன். செடியைச் சொல்லாமல் அக்காவைச் சொன்னால், பெற்ற தாய் போல வளர்த்தவளைக் கவனிக்காமல் விட்ட பாவி என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பகல் முழுக்க அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டு புவாத்தோங்கைக் கேளுங்கள், அவளும் அதையேதான் சொல்வாள்.

என் பெயர் தோங்சுக். வயது ஐம்பத்து மூன்று. லம்பாங்குக்கும் சியங்மாய்க்கும் நடுவே வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கம்சாய் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போன பிறகு பீங்கான் ஆலையில் உட்கார்ந்து, நாளெல்லாம் கிண்ணங்களில் சேவல் வரைந்து என்னை வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடும் அவள் கட்டியதுதான்.

அவளுக்குக் கேலி அதிகம். சின்ன வயதில் நான் ஆசைப்பட்டு ஒரு கள்ளிச்செடி வாங்கி வைத்தேன். தண்ணீர் ஊற்ற மறந்து அது காய்ந்து போயிற்று. நாற்பது வருடம் அதை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "பாலைவனத்துல பொழைக்கிற செடிங்க அது. இவன்கிட்ட வந்து செத்துப் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அது எனக்குள் தங்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. இனி இப்படித்தான் என்றார் மருத்துவர். வேனை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அவளுடைய இடது கையில் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கொடுத்து, பக்கத்தில் அவளே வரைந்த சேவல் கிண்ணம் ஒன்றை வைத்தேன். கிண்ணத்தில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் துணி மாற்ற வேண்டும். தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறும் என்று நர்ஸ் ஒரு மாவு கொடுத்திருந்தார். அதைக் கலந்து கெட்டியாக்கி, அதே கரண்டியால் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். பன்னிரண்டு கரண்டிக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஆறு வேளை. நான் முகம் சுளித்ததே இல்லை.

நம் தாய்லாந்தில் சட்டம் தளர்ந்து, வீட்டிலேயே கஞ்சாச் செடி வைக்கலாம் என்று ஆன பிறகு வேன் நிறுத்தத்தில் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். "என் மாமியா ஒரு மாசம் அந்த எண்ணெயை நாக்குல வச்சா. இப்ப கூடையத் தூக்கிட்டுச் சந்தைக்குப் போறா தெரியுமா?" என்றான் ஒருவன். எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, ஐயா. கோயில், மருத்துவமனை, மூலிகை எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாற்றுக் கடை வைத்திருக்கும் சுமாலி அக்காவிடம் நான்கு நாற்று, ஒரு விளக்கு, ஒரு வெள்ளிநிறக் கூடாரம் வாங்கி, பின்பக்கத் தகரக்கூரை அறையில் வைத்தேன். இந்த நான்கும் பிழைத்தால் அக்கா எழுந்து நடப்பாள் என்று எப்படியோ மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். போட்ட பிறகு அவிழ்க்கத் தெரியவில்லை.

மார்ச் மாதம் இலைகள் தொங்கின. காம்பிலிருந்தே வளைந்து, கனத்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தன. கள்ளிச்செடி ஞாபகம் வந்தது. தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் தொங்கின. இன்னும் ஊற்றினேன். காலையில் ஊற்றிவிட்டு மத்தியானம் மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். மேலே ஒரு விரல்கடை காய்ந்திருந்தாலும் மனசு கேட்காது.

இலைகள் தொங்கிய ஒரு கிளையைப் படம் எடுத்துக்கொண்டு சுமாலி அக்காவிடம் போனேன். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"தினமும் ஊத்துறியா?"

"ரெண்டு வேளையும்க்கா."

"ஏன்ப்பா, செடி வளக்குறியா, மீன் வளக்குறியா?" கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "இலை கொழுகொழுன்னு தொங்குது பாரு. தாகத்துல தொங்குனா துணி மாதிரி துவண்டு கெடக்கும். தொட்டியத் தூக்கிப் பாரு. கனமா இருந்தா கை வைக்காத. லேசா இருந்தா ஊத்து. தூக்கிப் பாத்தா தெரியும்ப்பா, இதுல என்ன பெரிய வித்தை?"

அவர்கள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் ஊற்றியா ஒரு உயிரைக் கொல்ல முடியும்? போனில் செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்று இருந்தது. படத்தை அதில் போட்டேன். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். ஒருவன் மட்டும், "வெயில்தான் காரணம் அண்ணே. தகரத்துக்கு அடியில வச்சா மனுசனே வாடிருவான். ஏசி ரூமுக்கு மாத்துங்க" என்று எழுதினான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அது என் கையைக் குற்றம் சொல்லவில்லை.

வீட்டில் ஏசி இருந்தது அக்காவின் அறையில் மட்டும். ஏப்ரல் பிறந்ததும் அவளைக் கட்டிலோடு பின்பக்கத் தகரக்கூரை அறைக்கு மாற்றினேன். செடிகள் அவள் அறைக்கு வந்தன. நான் சும்மா மாற்றிவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் விளக்கினேன்.

"கொஞ்ச நாள்தாங்க்கா. இது தேறிருச்சுன்னா நீ நடந்தே உன் ரூமுக்குத் திரும்பிரலாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. மறுப்புக்கு எத்தனை தட்டு என்று நாங்கள் பேசி வைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டு நாள் இலைகள் நிமிர்ந்தது போலிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் மறுபடியும் தொங்கின. ஏசி காற்றில் ஈரம் இருக்காது என்று நானே யோசித்து, தண்ணீரை இன்னும் கூட்டினேன். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பதால் சாத்தியே வைத்தேன். முன்பெல்லாம் முதல் தட்டுக்கே ஓடுவேன். பிறகு மூன்றாவது முறை தட்டினால்தான் போனேன். பிறகு கதவைத் திறக்க வேறு ஏதாவது காரணம் வரும்போது அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வேன். பன்னிரண்டு கரண்டியை நான்காகக் குறைத்தேன், ஆறு வேளையை இரண்டாக்கினேன். செடிகளை விட்டு அரை மணி நேரம் நகர முடியவில்லை. துணி மாற்றும் வேலையும் குறைந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

சோங்கிரான் புத்தாண்டு அன்று புவாத்தோங் வந்தாள். ஊர்ச் சுகாதாரத் தொண்டர் என்றாலும் அன்றைக்கு வந்தது பெரியவர்களுக்குக் கையில் நீர் வார்த்து ஆசி வாங்க. மல்லிகை போட்ட வாசனை நீரை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். நான் அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் நீர் விழுந்ததும் அக்கா கையை வெடுக்கென்று இழுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். உறிஞ்சினாள். இருமினாள். கன்னத்தில் ஒட்டிய மல்லிகை இதழையும் நாக்கால் தேடினாள்.

"ஐயோ, வாசனைத் தண்ணியக் குடிக்கிறாங்களே," என்று புவாத்தோங் பதறினாள். "அண்ணே, அக்காவுக்குத் தாகம். உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு பாருங்க. இந்த ரூமு அடுப்பு மாதிரி கொதிக்குது. ஏன் இங்க போட்டு வச்சிருக்கீங்க?"

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. புரையேறும்."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

அவள் நம்பினாள். பண்டிகை முடிந்து மருத்துவமனையில் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். அவளைத் திட்டாதீர்கள். என் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பொய் என்று தோன்றாது. ஆசி வாங்கக் குனிந்த என் தலைமேல் அக்கா கையை வைக்கவில்லை. அந்த வெள்ளிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதக்காரர்களுக்கு மரியாதை முறையெல்லாம் மறந்து போகும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கிற நாள் அதற்கு இரண்டாம் நாள். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. மூன்று செடிகள் மஞ்சளாகிவிட்டன. நான்காவதன் தண்டு அடியில் கறுத்திருந்தது. மண்ணில் புளிப்பு ஏறிவிட்டது, சுண்ணாம்புத் தூள் போடு என்றது குழு. காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை. ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். "செத்துடாதீங்க, செத்துடாதீங்க" என்று அவற்றிடம் கெஞ்சினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி எனக்கு உதவியாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு, செய்ய வேறு எதுவும் இல்லாமல், ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முக்கித் தூக்கினேன். அடியிலிருந்து கறுப்பு நீர் காலில் கொட்டியது. குப்பென்று நாற்றம் அடித்தது. கவிழ்த்துப் பார்த்தால் வேர் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தது. சுமாலி அக்கா சொன்னது சரி. வெயிலும் இல்லை, புளிப்பும் இல்லை. நான் ஒன்றரை மாதமாக அவற்றை மூழ்கடித்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அம்மா போனபோது கூட அப்படி அழவில்லை.

ஆறு மணிக்கு அக்காவிடம் போனேன். கட்டிலில் குறுக்காகக் கிடந்தாள். இடது கை கிண்ணத்துக்குள் இருந்தது. நகங்கள் உடைந்திருந்தன. நகத்தால் தட்டிப் பார்த்திருக்கிறாள் போலும், சேவலின் வாலில் கீறல் இருந்தது. நேராகப் படுக்கவைக்கத் தூக்கினேன். எடையே இல்லை. தூக்கியதும் தெரிந்துவிட்டது.

கரண்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்தது அந்தக் கரண்டிதான். சுண்ணாம்புத் தூள் அளக்கத் தேவைப்பட்டது. சமையலறையில் வேறு ஆறு கரண்டிகள் இருந்தன, நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பீர்கள். அன்று விடிந்ததிலிருந்து அவள் ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தவில்லை. செடிகள் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கின்றன, எனக்கு யோசிக்கவே முடியவில்லை. போய்க் கரண்டியைக் கேட்டேன். அவள் தரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிடி அவ்வளவு பலமாக இருந்தது. தேறிக்கொண்டு வருகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "சாயங்காலம் தர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைத்தது நான். நர்ஸ் சொன்னதாகப் பொய் சொன்னது நான். கரண்டியைப் பிடுங்கியது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அன்றைக்குப் பகலில் அவள் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால், நான் எழுந்து போயிருப்பேன்.