செல்வத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

“இறங்கு செல்வம்! ஓடு!”

அவன் இறங்கவில்லை. பிற்பகல் இரண்டு பத்து. முதல் குண்டு சந்தைப் பக்கம் விழுந்துவிட்டது. இரண்டாவது வருகிறது. முதலில் சீட்டி அடிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்காது. பிறகு தரை குதிக்கும். ஆம்புலன்ஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான். கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பதுங்குகுழிக்குள் உருண்டு விழுந்தோம்.

நான் நர்ஸ். ஸ்ரீரங்கம். அவன் டிரைவர். துறையூர். வேறொரு நாட்டுப் போரில், ஒரு நிவாரண அமைப்பின் கூடார மருத்துவமனையில் பதினோரு மாதம் சேர்ந்து வேலை பார்த்தோம். அங்கே தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான். அன்று நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பயல் பயந்துவிட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

விடுப்பில் ஊருக்கு வந்தோம். திரும்பிப் போகும் முன் அமைப்பின் மனநல ஆலோசகர் போனில் பேசுவார். அவர் சரி என்றால்தான் டிக்கெட். எனக்கு இது மூன்றாவது போர். அவருடைய கேள்விகள் மனப்பாடம்.

பேசும் நாளுக்கு முந்தின நாள் செல்வம் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி கடை. காலை பத்தரை. எதிர்க்கடையின் ஷட்டரை யாரோ கடகடவென்று ஏற்றினார்கள். செல்வம் மேசைக்கு அடியில் கிடந்தான். காபி அவன் முதுகில் வழிந்தது. சூடு உறைக்கவே இல்லை. “தலை சுத்தலுங்க, ஒண்ணுமில்ல” என்று கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன்.

“என்னை நிறுத்திடுவாங்களாக்கா?” என்றான். “அங்க வேற டிரைவர் இல்ல. இங்க வீட்ல பொண்ணு பாக்குறாங்க. மனசு சரியில்லன்னு நிறுத்துனது தெரிஞ்சா, ஊரே பைத்தியம்னு சொல்லும்க்கா.”

பாவமாக இருந்தது. சொல்லிக்கொடுத்தேன்.

“எவ்வளவு நேரம் தூங்குறீங்கன்னு கேப்பாங்க. ஆறு மணி நேரம்னு சொல்லு. எட்டுன்னா நம்ப மாட்டாங்க. கெட்ட கனவு எப்பவாவது வரும்னு சொல்லு. வரவே இல்லன்னு மட்டும் சொல்லிடாத.”

நல்ல மாணவன். இரண்டு தடவை ஒப்பித்தான். மறுநாள் போன் செய்தான். “பாஸாயிட்டேன்க்கா!” சந்தோஷப்பட்டேன். என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் முதலில் போனான். எனக்கு இரண்டு வாரம் விடுப்பு மீதி இருந்தது. அவன் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள். அங்கே காலை ஏழு நாற்பது. அபாயச் சங்கு ஊதுகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தானாம். இறங்கு, இறங்கு என்று கத்தினார்களாம். என் இடத்தில் வேலை பார்த்த உள்ளூர் நர்ஸ் அவனை இழுக்கத் திரும்பி ஓடியிருக்கிறாள். கதவுவரை போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து ஆலோசகர் என்னை அழைத்தார். “எவ்வளவு நேரம் தூங்குறீங்க சிஸ்டர்?”

“தூக்கமே இல்லைங்க. அவனுக்கும் இல்ல. எனக்குத் தெரியும்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இழந்தவை: ஆம்புலன்ஸ் ஒன்று. மருந்துக் கூடாரம் ஒன்று. நர்ஸ் ஒருத்தி, வயது இருபத்தாறு, இரண்டு குழந்தைகளின் தாய். செல்வம், வயது முப்பத்தொன்று. அன்றைக்குத் துறையூரில் இருந்திருக்க வேண்டியவன்.